நாற்பது கிலோவுக்கு மேல் ஒரு துண்டும் இல்லை

மெக்கானிக்கல் மக்களுக்கு பால் பேரிங் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதையே மாலையாகக் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாரிஸைச் சுற்றிய பொண்ணு ஒருத்தர் இருந்தாங்க, தெரியுமா? 1927-ல், குரோம் பூசிய செம்புக் குண்டுகளால் ஆன மாலை அது. யந்திரங்கள் மேல் அவ்வளவு பைத்தியம். பெயர் ஷார்லோட் பெரியான்.

பிறந்தது 1903, பாரிஸில். அப்பா தையல்காரர், அம்மாவும் தையல் தொழில்தான். லீவு விட்டால் சவோய் மலைநாட்டில் இருக்கும் தாத்தா, பாட்டி வீடு. ஆல்ப்ஸ் மலை அப்போதே மனசில் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் பனிச்சறுக்கு, மலையேற்றம் என்று எந்த நேரமும் மலையில்தான்.

அலங்காரக் கலை படித்து முடித்ததும், அன்றைய பெரிய கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேவிடம் வேலை கேட்டுப் போனார். அவரோ, இங்கே தலையணையில் பூப்போடும் வேலை எதுவும் இல்லை என்கிற மாதிரி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். கொஞ்ச நாளில் ஒரு கண்காட்சியில், கண்ணாடியும் உலோகமுமாக ஷார்லோட் அமைத்திருந்த ஒரு மதுக்கூடத்தைப் பார்த்தார். அதன் பிறகு அவரே கூப்பிட்டு வேலை கொடுத்தார். பத்து வருஷம் அங்கே வேலை. இன்றைக்கும் பெரிய ஆபீஸ் லாபிகளில் நாம் பார்க்கிற குரோம் குழாய் சோபா, சாய்ந்து படுக்கிற நீள நாற்காலி எல்லாம் அந்தக் காலத்தில் அவரும், லெ கொர்புசியேவும், அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரேவும் சேர்ந்து செய்தவை. (பின்னாளில் நம்ம சண்டிகரில் வருஷக்கணக்கில் தங்கி நகரைக் கட்டியவர் இதே ஜான்னரேதான்.) ஆனால் அந்த மாடல்களுக்கு வைத்த பெயரைப் பாருங்க: எல்சி 2, எல்சி 4. எல்சி என்றால் லெ கொர்புசியே. குரூப் புராஜெக்டில் யார் பெயர் முதல் பக்கத்தில் வருகிறது என்பது நமக்குத் தெரியாத விஷயமா!

சரி, நான் எழுத வந்தது நாற்காலி பற்றி அல்ல. மலைக் குடில் பற்றி.

1936-ல் பிரான்ஸில் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளர்களுக்கு வருஷத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு. அதுவரை பணக்காரர்களுக்கே உரியதாக இருந்த மலையும் கடலும் சாதாரண ஜனங்களுக்கும் திறந்தன. போனால் எங்கே தங்குவது? பனிமலையில் செங்கல், சிமென்ட் கொண்டு கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. ரோடு கிடையாது, வேலை செய்யக் கிடைப்பதோ கோடையின் சில வாரங்கள்.

ஷார்லோட் கணக்கை வேறு பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மலையில் பொருள் சுமப்பது யார்? மனுஷன். அப்படியானால் மனுஷ முதுகு எவ்வளவு தாங்கும் என்பதுதான் முதல் டிசைன் அளவு. எந்தத் துண்டும் 40 கிலோவைத் தாண்டக் கூடாது. அதற்கு ஏற்ற பொருள் அலுமினியம். எஃகின் அடர்த்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், துருவும் பிடிக்காது. ஆனால் அலுமினியம் வெப்பத்தை அப்படியே கடத்திவிடும். வெறும் தகட்டுக்குள் படுத்தால் விடிவதற்குள் விறைத்துப் போக வேண்டியதுதான். அதனால் வெளித்தோல் உலோகம், ஆள் தொடுகிற உட்பக்கம் மரம்.

ஆந்த்ரே தூர்னோன் என்ற இன்ஜினியரோடு சேர்ந்து இதை 1937-ல் வடிவமைத்தார். மெஷேவ் ஊருக்கு மேலே, மோன் ஜோலி மலையில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் குடில் எழுந்தது. பாகங்களை மேலே கொண்டுபோய்ப் பூட்ட நான்கு நாள். நாலு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். அதற்குள் ஆறு பேர் தூங்கலாம். நம்ம ஹாஸ்டல் ரூமை நினைத்துப் பார்த்தால் ஆறு பேர் என்பது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே பகலில் உட்காருகிற இடமே இரவில் படுக்கை. ஒரு பொருளுக்கு ஒரே வேலை என்றால் அது மலைக்குப் போகாது. குழாய்ச் சட்டகத்தின் மேல் தரையை விட்டுத் தூக்கி நிறுத்தியதால் பாறையைச் சமப்படுத்தும் வேலையும் மிச்சம்.

இத்தோடு விடவில்லை. 1938-ல் ஜான்னரேவோடு சேர்ந்து அடுத்ததை வரைந்தார். பீப்பாய்க் குடில் என்று பெயர். குரோவேஷியாவின் ஒரு குடைராட்டினம்தான் அதற்குத் தூண்டுதல். நடுவில் ஒரு தூண், சுற்றிலும் பன்னிரண்டு பக்கம், எட்டுப் பேருக்குப் படுக்கை. ஏன் வட்டம் மாதிரி? அதே தரைப் பரப்புக்குச் சதுரத்தைவிட வட்டத்துக்குச் சுவர் குறைவு. சுவர் குறைந்தால் தகடும் குறையும், வெளியேறும் சூடும் குறையும். காற்று மோத மூலையும் இல்லை. பக்கங்கள் எல்லாம் ஒரே அளவு என்பதால் தொழிற்சாலையில் ஒரே அச்சில் அடித்துத் தள்ளலாம்.

ஆனால் அது கட்டப்படவில்லை. அடுத்த வருஷமே உலகப் போர் வந்துவிட்டது. 1940 ஜூனில், பாரிஸ் ஜெர்மானியர் கையில் விழுந்த மறுநாள், ஷார்லோட் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். அந்த நாட்டு அரசு கைத்தொழில் ஆலோசகராக அழைத்திருந்தது. அங்கே எஃகுக் குழாயை விட்டுவிட்டு அதே நீள நாற்காலியை மூங்கிலில் செய்து பார்த்தார். பிறகு வியட்நாமில் சில வருஷம்; கல்யாணம், குழந்தை எல்லாம் அந்தக் காலத்தில்தான். 1946-ல் ஊர் திரும்பினார்.

மலை மறுபடி கூப்பிட்டது அறுபது வயதைத் தாண்டிய பிறகு. சவோயில் லெஸ் ஆர்க் என்ற பனிச்சறுக்கு ஊரை உருவாக்கும் குழுவில் 1967 முதல் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தார். அங்கேயும் அதே பிரச்சினை: பனி விழுவதற்குள் கட்டி முடிக்கணும். ஆயிரக்கணக்கான பாத்ரூம்களுக்குக் கொத்தனாரும் பிளம்பரும் ஒவ்வொன்றாக டைல்ஸ் ஒட்டினால் எப்போது முடிவது? படகு கட்டுகிறவர்கள் பாலியெஸ்டரை அச்சில் வார்க்கிற முறையை எடுத்துக்கொண்டு, பாத்ரூமை முழுசாக ஒரே கூடாகத் தொழிற்சாலையில் செய்ய வைத்தார். கொண்டு வந்து வைத்து இணைப்புக் கொடுத்தால் முடிந்தது.

பெரியான் 1999 அக்டோபரில் காலமானார், 96 வயது. அந்தப் பீப்பாய்க் குடிலை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. 2012-ல் கஸ்ஸீனா என்ற இத்தாலிய நிறுவனம் பழைய வரைபடங்களை வைத்து முழு அளவில் அதைச் செய்து மிலானில் நிறுத்தியது. பன்னிரண்டு பக்கமும் பளபளவென்று, கால்களை ஊன்றிக்கொண்டு, எழுபது வருஷத்துக்கு முன் வரைந்தது என்று சொன்னால்தான் தெரியும்.