அல்சைமர் என்று ஒருத்தர் இருந்தார்

வைவாவுல பதில் மறந்துட்டா, எனக்கு அல்சைமர் மச்சின்னு சொல்லிச் சிரிச்சிருப்பீங்க. நானும்தான். அது ஒரு மனிதரோட பேர்னு போன வருஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. எங்க தாத்தா சாப்பிட்டு முடிச்ச பத்தாவது நிமிஷம், ஏன் இன்னும் சாப்பாடு போடலன்னு கேட்க ஆரம்பிச்ச பிறகுதான் தேடிப் படிச்சேன்.

அலோயிஸ் அல்சைமர் 1864-ல் ஜெர்மனியின் பவேரியாவில், மார்க்ட்பிரைட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். மருத்துவம் முடித்து 1888-ல் ஃப்ராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். நோயாளிகளையும் பார்ப்பார், மைக்ராஸ்கோப்பையும் விடமாட்டார். கூட வேலை பார்த்த நிசல், மூளைத் திசுவுக்குச் சாயம் ஏத்துறதுல கில்லாடி.

1901 அவருக்கு மோசமான வருஷம். மூணு குழந்தைகளை விட்டுட்டு மனைவி செசிலி இறந்துட்டாங்க. அதே நவம்பரில் அகுஸ்தே டீட்டர் என்ற 51 வயசுப் பெண்ணை அங்கே கொண்டுவந்து சேர்த்தாங்க. காரணமே இல்லாம கணவர் மேல சந்தேகம், பொருளை எங்கயாவது ஒளிச்சு வைக்கிறது, திடீர்னு கத்துறது. அல்சைமர் பொறுமையா கேள்வி கேட்டு, ஒவ்வொரு பதிலையும் எழுதி வச்சார். தட்டுல இருந்தது காலிஃபிளவரும் பன்றிக்கறியும். என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டா, கீரைன்னாங்க. கணவர் பேரைக் கேட்டா தன் பேரைச் சொன்னாங்க.

வயசானா மறதி வரும்னு அப்பவே எல்லாருக்கும் தெரியும். ஆனா 51-லயா? இந்தக் கேள்வியை அவர் விடல. ம்யூனிக்ல கிரேப்லினோட கிளினிக்குக்கு மாறினார், முதல்ல சம்பளமே இல்லாம! 1906 ஏப்ரலில் அகுஸ்தே இறந்ததும் அவங்க மூளை ம்யூனிக் வந்து சேர்ந்தது.

மூளை சுருங்கியிருந்தது. வெள்ளிச் சாயம் ஏத்திப் பார்த்தா, நியூரானுக்கு உள்ளே முறுக்கின நூல் மாதிரி சிக்கல். வெளியே திட்டுத்திட்டா படிவு. சிக்கல் டாவ் புரதம், படிவு பீட்டா அமைலாய்டுன்னு இன்னைக்குத் தெரியும். புது ஞாபகத்தைப் பதியுற ஹிப்போகாம்பஸ் ஆரம்பத்திலேயே அடிவாங்குது. அதனாலதான் தாத்தாவுக்குச் சின்ன வயசுல ஓட்டின சைக்கிள் ஞாபகம் இருக்கு, காலை டிபன் இல்ல. வயசும் சில மரபணுக்களும் ஆபத்தைக் கூட்டும். ஆனா இதெல்லாம் எங்கே தொடங்குதுங்கறதுக்கு முழு விடை இன்னும் வரல.

1906 நவம்பர் 3, டூபிங்கன் மாநாட்டில் இதைப் பேசி முடிச்சார். ஒரு கேள்வி கூட வரல. நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூல கேள்வி வரலன்னா நமக்குப் பார்ட்டி. அவருக்கு எப்படி இருந்திருக்கும்! 1910-ல் கிரேப்லின் தன் பாடப்புத்தகத்தில் அந்த நோய்க்கு அவர் பேரை வச்சார். 1912-ல் ப்ரெஸ்லாவில் பேராசிரியர் ஆனார். அங்கே போற ரயிலிலேயே உடம்பு முடியாம போய், அப்புறம் முழுசா தேறவே இல்ல. 1915 டிசம்பர் 19-ல் இறந்தார். அவருக்கும் வயசு 51.

அகுஸ்தேயோட கேஸ் ஃபைல் தொலைஞ்சுபோச்சுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. 1995-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் பழைய ஆவணங்களுக்கு நடுவே கிடைச்சது. நீல அட்டைக்குள்ளே அல்சைமர் கைப்பட எழுதின குறிப்புகள். கூடவே, அகுஸ்தே எழுத ஆரம்பிச்சு முடிக்க முடியாம விட்ட அவங்க பேர்.