களம் தந்த கோமகன்

போட்டிக்குச் செல்லுமுன் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் நண்பர்களே! நாம் ஆடி ஓடக் களம் அமைய உழைத்த ஒருவரையும் நினைப்போம். அவரே லெப்டினன்ட் கர்னல் கோதவர்ம ராஜா.

பாண்டியர் வழியினர் எனக் கூறப்படும் பூஞ்ஞார் அரச குடும்பத்தில் 1908இல் பிறந்தார். சென்னையில் மருத்துவம் பயின்றார். 1934இல் திருவிதாங்கூர் இளவரசி கார்த்திகைத் திருநாள் லட்சுமி பாயை மணந்தபின் அப்படிப்பைத் தொடரவில்லை. அரண்மனைச் சுகத்தில் அமிழ்ந்திருக்கலாம். அவரோ விளையாட்டு வளர்ச்சியையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டார்.

சங்கிலிக் குண்டு எறிபவளுக்குத் தோள்வலிமை மட்டும் போதுமா? எறிவட்டம் வேண்டும், வலைக்கூண்டு வேண்டும், பயிற்சியாளர் வேண்டும். இவற்றை வீரர்கள் தாமே தேடிக்கொள்ள இயலாது. அதற்கோர் அமைப்பு வேண்டும். 1954இல் அவர் முயற்சியால் விளையாட்டுக் கவுன்சில் தோன்றியது. முதல் தலைவரும் அவரே.

1971 ஏப்ரல் 30 அன்று குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். பெண்களின் சங்கிலிக் குண்டு எறிதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2000இல்தான். அதைக் காண அவர் இல்லை. ஆயினும் அவர் பெயர் தாங்கிய திருவனந்தபுரம் விளையாட்டுப் பள்ளியில் இன்று பெண்களும் பயில்கிறார்கள். அவர் பிறந்த அக்டோபர் 13 கேரளத்தின் விளையாட்டு நாள்.

வென்றவர்க்கு மாலை சூட்டுவோம். களம் தந்தவரையும் மறவாதிருப்போம்!