நோயாளியின் தலைமாட்டில் ஒரு மகாகவி

அந்தமான் தீவுகளில் தமிழர்களும் வங்காளிகளும் அக்கம்பக்கத்தில் வாழ்கின்றனர். தேசப் பிரிவினைக்குப் பின், 1949 முதல் கிழக்கு வங்க அகதிகள் பலர் அங்கே குடியமர்த்தப்பட்டனர். அனைத்தையும் இழந்து வந்த அவர்கள் இழக்காமல் கொண்டுவந்த செல்வம் ரவீந்திரநாத் தாகூரின் பாடல்கள். ஆண்டுதோறும் அவரது பிறந்தநாளை அங்குள்ள வங்காளிகள் பாட்டும் நடனமுமாகக் கொண்டாடுகின்றனர்.

அத்தீவுகளின் வாழ்வில் மற்றொரு பக்கமும் உண்டு. தீராத நோயுற்ற தாயையோ குழந்தையையோ அழைத்துக்கொண்டு, உயர்சிகிச்சைக்காகச் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் கடல் கடந்து வரும் குடும்பங்கள் பல. கப்பலில் வந்தால் ஏறக்குறைய மூன்று நாள் பயணம். மேடையில் பாடப்படும் கவிஞரும் இத்தகைய பயணங்களை மேற்கொண்டவரே. நோயாளியின் தலைமாட்டில் விழித்திருந்த இரவுகள் அவரது வாழ்வில் ஏராளம்.

தாகூர் 1861 மே 7 அன்று கல்கத்தாவில், ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தார். 1883-இல் அவருக்கும் மிருணாளினி தேவிக்கும் திருமணம் நிகழ்ந்தது. மூன்று பெண்களும் இரண்டு ஆண்களுமாக ஐந்து குழந்தைகள். 1901 டிசம்பரில் சாந்திநிகேதனில் ஐந்தே மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதன் செலவுக்காக மிருணாளினி தம் நகைகளையே கொடுத்தார். மாணவர்களுக்குத் தாயாகவும் இருந்தார்.

பள்ளி தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள் மிருணாளினி படுக்கையில் விழுந்தார். கல்கத்தா வீட்டில் ஏறக்குறைய இரண்டு மாதங்கள், கூலிக்குச் செவிலியர் எவரையும் அமர்த்தாமல், கணவரே இரவும் பகலும் பணிவிடை செய்தார். மின்விசிறி இல்லாத காலம் அது. நோயாளியின் அருகில் அமர்ந்து கைவிசிறியால் ஓயாது வீசிக்கொண்டிருப்பார். 1902 நவம்பர் 23 அன்று மிருணாளினி காலமானார். அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அவரது நினைவாகத் தாகூர் எழுதிய 27 கவிதைகள் ‘ஸ்மரண்’ என்ற தொகுப்பாயின.

துயரம் ஆறுவதற்குள் அடுத்த சோதனை வந்தது. இரண்டாவது மகள் ரேணுகாவைக் காசநோய் பற்றியிருந்தது. அக்கால வழக்கப்படி, பத்து வயதிலேயே அவளுக்கு மணம் முடித்துவைத்திருந்தார் தந்தை. அந்நோயின் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1882-இல் கண்டறிந்திருந்தார். எனினும் அதனை அழிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கிடைக்க 1943 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஓய்வு, நல்ல உணவு, தூய காற்று ஆகியவற்றைத் தவிர மருத்துவர்களிடம் சொல்வதற்கு அதிகமில்லை. எனவே 1903-இல் தாகூர் தம் மகளை முதலில் ஹஜாரிபாகுக்கும், அங்கு குணமாகாததால் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவுக்கும் அழைத்துச் சென்றார். பைன் மரக் காற்று அவளது நுரையீரலைத் தேற்றும் என்பது அவரது நம்பிக்கை.

இக்காலத்தில் அவரது எழுத்துப் பணிக்கும் ஓய்வில்லை. ‘பங்கதர்சன்’ மாத இதழின் ஆசிரியர் அவர். ‘நௌகாடூபி’ என்ற அவரது நாவல் 1903 முதல் அதில் தொடராக வந்துகொண்டிருந்தது. மகளுக்குக் காய்ச்சல் என்பதற்காக மாத இதழ் காத்திருக்காது. இதழுக்கு எழுத வேண்டும் என்பதற்காக மகளின் காய்ச்சலும் காத்திருக்காது. இரண்டையும் தாங்கியபடியே அந்த மாதங்கள் கழிந்தன.

அல்மோராவில்தான் வியப்புக்குரிய ஒன்று நிகழ்ந்தது. நோயுற்ற மகளையும், ஆறு வயது நிறையுமுன்பே தாயை இழந்த இளைய மகன் ஷமீந்திரநாத்தையும் மனத்தில் கொண்டு, குழந்தைகளுக்கான கவிதைகளை அவர் எழுதத் தொடங்கினார். அவையே ‘சிசு’ என்னும் தொகுப்பு. ஒரு சிறுவன் செண்பகப் பூவாக மாறி மரக்கிளையில் ஒளிந்துகொண்டு, தன்னைத் தேடும் அம்மாவை வேடிக்கை பார்க்கிறான். மற்றொருவன் கற்பனைக் குதிரையேறி, கொள்ளையரிடமிருந்து அம்மாவைக் காக்கிறான். அக்கவிதைகளில் அம்மா எப்போதும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். கவிஞரின் வீட்டிலோ அவள் மறைந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தம் துயரத்தைப் பாடாமல், குழந்தைகளின் உள்ளத்தில் புகுந்து, அங்கே எதற்கு ஏக்கம் இருக்கிறது என்று பார்த்து எழுதினார். நோயாளியின் முகக்குறிப்பைப் பார்த்தே தேவையை அறியும் கவனம் அது. பணிவிடையில் பழகிய அக்கவனமே கவிதையிலும் பணியாற்றியது.

ஆனால் கவிதை நோயைத் தீர்க்கவில்லை. தன் முடிவு நெருங்குவதை உணர்ந்த ரேணுகா, வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவளைச் சுமந்து செல்ல ஆட்களை அமர்த்தி, காத்கோதாம் ரயில் நிலையம் நோக்கி மலைப்பாதையில் தந்தையும் உடன் நடந்தார். 1903 செப்டம்பரில், பன்னிரண்டு வயதில், அவள் கல்கத்தாவில் உயிர்நீத்தாள். இறைவனைத் தந்தையென அழைக்கும் வேத மந்திரத்தைச் சொல்லுமாறு இறுதி வேளையில் தந்தையை வேண்டினாள். அவர் அதனை ஓதினார்.

1907-இல், தாய் மறைந்த அதே நவம்பர் 23 அன்று, ஷமீந்திரநாத் முங்கேரில் காலராவால் மாண்டான். அவனுக்குப் பதினொரு வயதுகூட நிறையவில்லை. 1913-இல் நோபல் பரிசு வந்தது. உலகம் கவிஞரைக் கொண்டாடியது. ஆனால் மூத்த மகள் மாதுரிலதாவையும் காசநோய் பற்றியபோது, அவர் மீண்டும் நோயாளியின் தந்தை மட்டுமே. நாள்தோறும் அவளது வீட்டுக்குச் சென்று அருகில் அமர்ந்திருப்பார். குழந்தைப் பருவத்தில் கேட்டதுபோலவே அவள் கதை கேட்பாள். 1918 மே 16 அன்று வழக்கம்போல் சென்றபோது, அவள் மறைந்த செய்தி வாசலிலேயே எட்டியது. உள்ளே செல்லாமல் திரும்பிவிட்டார். எத்தனையோ இரவுகள் கண்விழித்தவரால் அந்தப் படிகளை மட்டும் ஏற முடியவில்லை.

அவ்வாண்டு வெளிவந்த ‘பலாதகா’ தொகுப்பில் நோயுற்ற பெண்கள் பேசப்படுகின்றனர். ஒரு கவிதையில், படுக்கையில் கிடக்கும் இளம் மனைவி, மருந்து போதும், தலைமாட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்கிறாள். மற்றொன்றில் கணவன், நோயுற்ற மனைவியைக் காற்று மாற்றத்துக்காக ரயிலில் அழைத்துச் செல்கிறான். வழியில் சந்தித்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு 25 ரூபாய் கொடுக்குமாறு மனைவி கேட்கிறாள். அவன் 2 ரூபாயை மட்டும் கொடுத்துவிட்டு அதை மறைத்துவிடுகிறான். மனைவி இறந்த பிறகு, கடனைத் தீர்க்க அவ்வேழையைத் தேடி வருகிறான். அவள் எங்கு போனாள் என்பது யாருக்கும் தெரியவில்லை. நோயாளியைக் காப்பவரின் அன்பை மட்டுமன்றி, அவரது சிறுமையையும் பின்னால் வரும் வருத்தத்தையும் அறிந்தவரின் கவிதை அது.

1941 ஆகஸ்ட் 7 அன்று தாகூர் மறைந்தார். பணிவிடை முடிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் ‘சிசு’ பிறந்திராது. எழுத்துக்காகப் பணிவிடையைப் பிறரிடம் விட்டிருந்தாலும் அது பிறந்திராது. தீவிலிருந்து புறப்படும் கப்பலில், உறங்கும் நோயாளியின் அருகே, கையில் ஒரு குறிப்பேட்டுடனோ தையல் துணியுடனோ விழித்திருக்கும் ஒருவர், குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. விசிறி ஓய்ந்த சிறு இடைவேளையில் பேனாவை எடுத்த ஒரு தந்தை அவருக்கு முன்பே அவ்வழியில் சென்றிருக்கிறார்.