நீலகிரிக் கல்லறைகளும் பிரீக்ஸ் துரையும்

புதைபொருள் என்ற மாத்திரத்தில் நம் இளஞ்சிறார் நினைவிற்கு வருவது எகிப்து தேசமே. 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஹாவர்ட் கார்ட்டர் என்னும் ஆங்கிலேயர், துட்டங்காமன் என்ற இளம் பார்வோனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். அதனுள்ளே தேர்களும், கட்டில்களும், ஆடைகளும், மதுச்சாடிகளும், விளையாட்டுப் பலகைகளுமாக ஐயாயிரத்திற்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தன. அரசன் உடலைத் தாங்கிய உட்பெட்டி மட்டும் ஏறக்குறைய 110 கிலோ எடையுள்ள பொன்னாகும். இறந்தவனுக்கு மறுமையிலும் ஊணும் உடையும் ஊர்தியும் வேண்டும் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. ஆதலின் அவன் வாழ்விற்கு வேண்டியன அனைத்தையும் அவனுடன் வைத்து மூடினர். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிட்டு, படம் பிடித்து, பழுது பார்த்து வெளிக்கொணரக் கார்ட்டருக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின.

இத்தகைய கல்லறைகள் நைல் நதிக் கரைக்கு மட்டுமே உரியன அல்ல. கோயம்புத்தூருக்கு வடமேற்கே மேகம் போல் உயர்ந்து தோன்றும் நீலமலையின் உச்சிகளிலும், இறந்தோருக்கெனப் பொருள் வைத்துப் புதைத்த கல்வட்டங்கள் பல உள. கார்ட்டருக்கு ஐம்பது ஆண்டுகள் முன்னரே அவற்றை அகழ்ந்தாராய்ந்தவர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் துரை ஆவர். அவர் வரலாற்றை நம் கொங்கு நாட்டு மாணவர் அறிந்திருத்தல் நன்று.

பிரீக்ஸ் 1830ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடபகுதியாகிய வெஸ்ட்மார்லண்டில் பிறந்தார். பத்தொன்பது வயதில், 1849இல், சென்னை மாகாண அரசாங்கப் பணியில் அமர்ந்தார். வரி, நிதி ஆகிய இலாகாக்களில் உழைத்தபின், 1861 முதல் 1864 வரை கவர்னர் சர் வில்லியம் டெனிசனின் அந்தரங்கக் காரியதரிசியாக விளங்கினார். பின்னர்த் தாய்நாடு சென்று ஒரு வாணிகக் கழகத்திற் சேர்ந்தார். எனினும் இந்தியா அவரை மீண்டும் அழைத்தது. 1867இல் திரும்பி வந்தார்.

அதுகாறும் நீலகிரி கோயம்புத்தூர் ஜில்லாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1868இல் அது தனியே பிரிக்கப்பட்டு, ஒரு கமிஷனரின் ஆளுகைக்குள் வந்தது. அம்முதற் கமிஷனர் பதவி பிரீக்ஸ் துரைக்குக் கிடைத்தது. வரி தண்டுதலும் வழக்குத் தீர்த்தலும் அவருடைய கடமைகள். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது பிறிதொரு வேலையாகும்.

1871ஆம் ஆண்டு கல்கத்தா இந்தியப் பொருட்காட்சிச்சாலையின் தருமகர்த்தர்கள், பழங்குடி மக்களின் படைக்கலம், அணிகலன், ஆடை, கருவி முதலியவற்றைச் சேகரித்தளிக்குமாறு அரசாங்கத்தை வேண்டினர். நீலகிரியில் அப்பணி பிரீக்ஸின் பொறுப்பாயிற்று. வேறொருவராயின் சில வில்லம்புகளை மூட்டை கட்டி அனுப்பிவிட்டு ஓய்ந்திருப்பர். அவரோ தோதவர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் என்னும் ஐவகை மக்களின் வாழ்க்கையையும் ஆராயப் புகுந்தார். மலை முகடுகளில் இருந்த கல்லறைகள் பலவற்றையும் திறந்து பார்த்தார்.

அக்கல்லறைகளின் அமைப்பைச் சிறிது கூறுவோம். கற்களை வட்டமாக அடுக்கி, கிணற்றின் சுவர் போல் எழுப்பியிருப்பர். உள்ளே மண்ணை அகற்றினால் கரியும், சாம்பலும், எரிந்த எலும்புத் துண்டுகளும் தோன்றும். அவற்றோடு தாழிகள் இருக்கும். அவற்றின் மூடிகளின் மேல் எருமை, குதிரை, யானை முதலிய உருவங்களை மண்ணாற் செய்து அமைத்திருந்தனர். இரும்பு வேல்முனைகளும், கத்திகளும், அரிவாள்களும், நிறமிகு மணிகளும், பொன் அணிகளும் கிடைத்தன. எல்லாவற்றினும் வியப்பிற்குரியவை வெண்கலக் கிண்ணங்கள். அவற்றுள் ஒன்றின் நடுவே தாமரை மலர் பொலிகின்றது. அக்கிண்ணம் இன்று இலண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையில் உள்ளது. பெரும்பாலான ஏனைப் பொருள்கள் சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிச்சாலையில் உள்ளன.

இவ்வகைக் கிண்ணங்கள் சிலவற்றில் நூற்றுக்கு இருபது பங்கிற்கு மேல் வெள்ளீயம் கலந்திருத்தலைப் பிற்கால அறிஞர் கண்டனர். அத்தகைய வெண்கலம் ஆறியபின் அடித்தால் உடைந்துவிடும். பழுக்கக் காய்ச்சி, சூடு தணியுமுன் அடித்து உருவாக்கி, உடனே நீரில் தோய்த்தல் வேண்டும். வெள்ளீயமோ நீலமலையில் விளைவதன்று. எனவே தனித்து வாழ்ந்தவர் என நாம் கருதும் மலைமக்களுக்கும் தொலைநாட்டு வாணிகத் தொடர்பு இருந்தது என்பது தெளிவாம். ஒரு சிறு கிண்ணம் எத்துணைச் செய்தி கூறுகின்றது, பாருங்கள்!

இவற்றைப் புதைத்தவர் யாவர் என்பதே பெருவினா. தோதவரின் முன்னோர் என்றனர் சிலர். குறும்பரின் முன்னோர் என்றனர் வேறு சிலர். துட்டங்காமன் பெயர் அவன் கல்லறையில் எழுதப்பட்டிருந்தது. நீலகிரியிலோ பெயர் கூறும் எழுத்து இல்லை. ஆதலின் பிரீக்ஸ், இறந்தோரை அறிய இருப்போரை உசாவினார். தோதவர் வில்லேந்தும் வழக்கத்தை விட்டு நெடுங்காலம் ஆகியும், ஆண்மகன் ஒருவன் இறந்தால் சிறு வில்லும் அம்பும் அவனுடன் வைத்து எரித்து வந்தனர். இத்தகைய ஈமச் சடங்குகளையெல்லாம் அவர் விரிவாகக் குறித்துக்கொண்டார். புகைப்படங்களும் சித்திரங்களும் சேர்த்தார். பொன்னை மட்டுமன்றி உடைந்த ஓட்டையும் பொருளாக மதித்தார்.

வேலை முடிந்து நூல் வெளிவருமுன் காலன் குறுக்கிட்டான். 1872ஆம் ஆண்டு ஜூன் மாதம், நாற்பத்திரண்டாம் வயதில், பிரீக்ஸ் உதகையில் உயிர்நீத்தார். எழுதி வைத்த தாள்கள் சிதறிப் போகாமல் காத்தவர் அவர்தம் மனைவியாரே. துயரத்தினிடையே அவ்வம்மையார் அவற்றை ஒழுங்குசெய்து 1873இல் இலண்டனில் வெளியிட்டார். அந்நூல் இன்றேல் அப்பொருள்கள் ஊர் பேர் அறியாத ஓடுகளாய் முடிந்திருக்கும். துரையின் நினைவாக உதகையில் எழுந்த பள்ளிக்கூடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவர் முறையிலும் குறையுண்டு. இக்காலத்து ஆராய்ச்சியாளர் போல் மண்ணடுக்குகளை அளந்து அவர் குறிக்கவில்லை. ஆகவே பல பொருள்களின் காலம் இன்றும் விவாதத்திற்கு உரியதாகவே இருக்கின்றது. ஒருமுறை கலைத்த கல்லறையை மீண்டும் பழையபடி அமைத்தல் எவராலும் இயலாது. இது நாம் கற்கவேண்டிய பாடம்.

ஏனெனில் கல்லறைகள் மலைமேல் மட்டும் இல்லை. நொய்யலாற்றங்கரையில், சென்னிமலைக்கு அருகில் உள்ள கொடுமணலில், தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அகழ்ந்தனர். அங்கே ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. பதிற்றுப்பத்துக் குறிக்கும் கொடுமணம் அவ்வூரே என்பர் அறிஞர். மக்கள் பாண்டுகுழி என வழங்கும் இத்தகைய கல்வட்டங்கள் கொங்கு நாட்டுக் காடுமேடுகளிற் பல. உழவினாலும், கல்லுடைப்பாலும், புதையல் ஆசையாலும் அவை அழிந்து வருகின்றன.

சிறுவர்காள்! உங்கள் ஊர்ப்புறத்தே கல்வட்டம் ஒன்றைக் கண்டால் அதனைத் தோண்டாதீர்கள். கல்லைப் பெயர்க்கவும் விடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் ஆசிரியரிடம் கூறுங்கள். அவர் தொல்பொருள் துறையினர்க்கு அறிவிப்பார். பொன்னை எடுத்தவன் அதனை ஒருநாளில் விற்றுத் தீர்ப்பான். அப்பொன் எவ்விடத்தில், எதனோடு கிடந்தது என்று எழுதி வைத்தவனோ, பெயரிழந்த மாந்தர் வாழ்வை உலகிற்கு மீட்டுத் தருகின்றான். பிரீக்ஸ் துரை நமக்கு விட்டுச்சென்ற பெரும்புதையல் அவ்வெழுத்தே ஆகும்.