படச்சுருள் தேடிய பயணம்

உலகின் எந்த மூலையில் ஒரு நிகழ்ச்சி நடந்தாலும் அடுத்த சில நொடிகளில் அதனைத் தொலைக்காட்சியில் காண்கிறோம். ஒளிப்பதிவுக் கருவியோடு களத்தில் நிற்கும் செய்தியாளர்களின் உழைப்பே அதற்குக் காரணம். நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1959இல்தான். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே எழுதுகோலையும் படக்கருவியையும் ஒருசேரக் கையாண்டு உலகை வலம்வந்த தமிழர் ஒருவர் உண்டு. அவரே ஏ.கே. செட்டியார்.

இளமையும் பயிற்சியும்

அ. கருப்பன் செட்டியார் 1911ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தார். இளம் வயதிலேயே பர்மாவுக்குச் சென்று, ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். எழுத்தோடு நின்றுவிடாமல், கண்டதைக் கண்டவாறே காட்டும் ஒளிப்படக் கலையையும் கற்க விரும்பினார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் அக்கலையை முறையாகப் பயின்றார்.

கப்பலில் பிறந்த எண்ணம்

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2, காந்தியடிகளின் பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில் செட்டியார் பயணம் செய்துகொண்டிருந்தார். காந்தியடிகளின் வாழ்க்கையை முழுநீள ஆவணப்படமாக உருவாக்க வேண்டும் என்னும் எண்ணம் அப்போது அவர் உள்ளத்தில் தோன்றியது. அவருக்கு அன்று இருபத்தைந்து வயது.

அக்காலத் திரையரங்குகளில் முதன்மைப் படத்திற்கு முன்பாகச் செய்திப்படங்கள் காட்டப்படுவது வழக்கம். அவற்றைத் தயாரித்த நிறுவனங்கள் காந்தியடிகளையும் பலமுறை படம்பிடித்திருந்தன. ஆனால், செய்தி பழையதானதும் படச்சுருள்கள் கிடங்குகளில் முடங்கின. எளிதில் தீப்பற்றக்கூடிய, நாளடைவில் சிதையக்கூடிய பொருளால் ஆனவை அச்சுருள்கள். உரிய காலத்தில் தேடித் தொகுக்காவிட்டால் ஒரு தலைமுறையின் வரலாறே அழிந்துபோகும் என்பதைச் செட்டியார் உணர்ந்தார்.

நூறாயிரம் மைல்

இந்தியா அயலாட்சியின்கீழ் இருந்த காலம் அது. காந்தியடிகளைப் பற்றிய படத்திற்கு அரசின் துணையை எதிர்பார்க்க இயலாது. இரண்டாம் உலகப்போர் மூளும் சூழலும் நிலவியது. எனினும் அவர் தளரவில்லை. தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா எனக் கண்டங்கள் கடந்து ஏறத்தாழ 1,00,000 மைல் பயணம் செய்தார். முப்பது ஆண்டுகளில் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த காட்சிகளில் ஏறத்தாழ 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். அதிலிருந்து தேர்ந்தெடுத்த 12,000 அடியே படமாயிற்று. திரையில் அது இரண்டு மணி நேரத்திற்குச் சற்றே மிகுதியாக ஓடக்கூடிய நீளம். எதைச் சேர்ப்பது என்பதைப் போலவே எதை விடுப்பது என்பதையும் அறிந்தவர் அவர் என்பதற்கு இக்கணக்கே சான்று.

‘மகாத்மா காந்தி’ என்னும் அப்படம் 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் தமிழில் வெளியாயிற்று. காஞ்சிபுரத்தில் பிறந்த இசைமேதை டி.கே. பட்டம்மாளின் குரலும் அதில் ஒலித்தது. தெலுங்கிலும் படம் வெளிவந்தது. ஆயினும், ஆங்கில அரசு பறிமுதல் செய்துவிடுமோ என்னும் அச்சத்தால் படச்சுருள்களை மறைத்துவைக்க நேர்ந்தது. நாடு விடுதலை பெற்ற வேளையில் இந்தி வடிவம் தில்லியில் திரையிடப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் உருவாயிற்று.

இதழாசிரியர்

செட்டியார் 1943இல் ‘குமரிமலர்’ என்னும் இதழைத் தொடங்கி, வாழ்நாளின் இறுதிவரை நடத்தினார். பழைய இதழ்களில் புதைந்துகிடந்த அரிய கட்டுரைகளைத் தேடியெடுத்து அதில் மறுபதிப்புச் செய்தார். படச்சுருளைத் தேடிய அதே கண்கள் இப்போது பழைய தாள்களைத் தேடின. முன்னோர் எழுதிய பயணக் கட்டுரைகளையும் தொகுத்து நூலாக்கினார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் அவருடைய நூலின் பெயரே அவருக்குரிய அடைமொழியாகவும் நிலைத்தது. சிறுசிறு தொடர்களில் கண்டதை மட்டும் கூறுவது அவர் நடை. இத்தனை நாடுகளைக் கண்டவர், தம்மைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

1983ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அவர் மறைந்தார். செய்தியை விரைந்து தருவது ஒரு பணி. அதனை அழியாமல் காத்து அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பது மற்றொரு பணி. நொடிக்கொரு காட்சி வந்து மறையும் இக்காலத்தில், இரண்டாவது பணியின் அருமையை ஏ.கே. செட்டியாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது. உங்கள் ஊரின் பழைய ஒளிப்படங்களையும் கடிதங்களையும் இதழ்களையும் தேடிப் பாதுகாக்க நீங்களும் முற்படலாம்.