கிறீன் வைத்தியர்

அஸ்தம்பட்டித் தெருக்களில் வீடுதோறுஞ் சென்று நோய் வினவும் சுகாதார ஊழியரைக் காணுந்தோறும் யாம் சாமுவேல் கிறீன் வைத்தியரை நினைக்கின்றோம். 1822இல் அமெரிக்காவிற் பிறந்த இவர் 1847இல் யாழ்ப்பாணம் போந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடாத்தி, சுதேச மாணாக்கர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தையே நாடினர். கிராமத்தார் நோயோடு கிடந்தனர். ஆதலின், தாயகஞ் சென்று 1862இல் மீண்டு வந்தபின், தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். நூல்களும் போதா, கலைச்சொற்களும் போதா. மாணாக்கர் துணையோடு இரண்டையும் ஆக்கினார். இரண வைத்தியம் 1867இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. பின்னதன் பெயர் கேட்டு எம் வகுப்பினர் நகைப்பதுண்டு. அந்நகைப்பு எமக்கு உடன்பாடன்று. அறுபதின்மருக்கு மேற்பட்டோர் அவரிடம் வைத்தியம் பயின்றனர். 1873இல் யாழ்ப்பாணம் நீங்கியும் தமிழ்ப்பணி நீங்காது, 1884இல் மறைந்தார். தமிழர்க்குரிய வைத்திய ஊழியரென்றே தம் கல்லறையிற் பொறிக்குமாறு வேண்டியிருந்தார்.