குற்றம் சாட்டப்பட்டோர் பக்கம் நின்ற அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கரைச் சட்டமேதை எனப் போற்றும் நாம், குற்றவியல் வழக்குகளில் வாதாடிய வழக்கறிஞராக அவரை அரிதாகவே நினைவுகூர்கிறோம்.

லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1923இல் பம்பாயில் தொழிலைத் தொடங்கினார். சாதி அங்கும் குறுக்கே நின்றது. வழக்குகள் எளிதில் வரவில்லை. திலகரைச் சாடிய 'தேசாச்சே துஷ்மன்' நூலுக்காக, பார்ப்பனரல்லாதார் இயக்கத்தின் ஜவள்கரும் ஜேதேவும் அவதூறு வழக்கில் தண்டிக்கப்பட்டனர். 1926இல் மேல்முறையீட்டில் வாதாடி இருவரையும் விடுவித்தார். 1934இல், வாசகரின் பாலியல் ஐயங்களுக்குத் தம் இதழில் விடையளித்ததால் ஆபாச வழக்கில் சிக்கிய ரகுநாத் தோண்டோ கார்வேக்காக வாதாடினார், தோற்றார். ஊர் வெறுப்பவருக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்பதை அத்தோல்வியும் நமக்கு உணர்த்துகிறது.

கைதாவோருக்கு அரசமைப்பு வரைவில் போதிய பாதுகாப்பில்லை என்ற கண்டனம் எழவே, 1949 செப்டம்பரில் அவரே புதிய பிரிவொன்றை முன்மொழிந்தார். அதுவே இன்றைய 22ஆவது பிரிவு. கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். விரும்பிய வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். தடுப்புக்காவல் கைதிகளுக்கு இவ்வுரிமைகளை அப்பிரிவே மறுத்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

நள்ளிரவில் சேரிக்குள் காவல் வாகனம் நுழையும்போது நம் இளைஞர் அறிந்திருக்க வேண்டியது அப்பிரிவே. அதைச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை.